படகு இல்லாத டூர் புரோகிராம்

மெட்ராஸ்
2.1.1994

ஜ்யோத்ஸ்னா அப்பாவுக்கு,

சென்ட்ரலில் இறங்கி, போன் செய்துவிட்டு இதை எழுதுகிறேன். நான் பத்திரம். சைக்கிளும் பத்திரம். பிரேக் வேனில் ஆப்பிள் பெட்டிகளுக்கு நடுவில் சிக்கி மட்கார்டு மட்டும் நசுங்கியிருந்தது. போர்ட்டர் காலால் ஓர் உதை கொடுத்து நிமிர்த்திவிட்டார்.

புது தில்லி ஸ்டேஷனுக்கு நீங்கள் வரவில்லை. பரவாயில்லை. பக்கத்து வீட்டு மாணிக்கவாசகம் சார்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். இன்று காலை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். ஜ்யோத்ஸ்னா வந்து பேசினாள். நீங்கள் ஷேவ் பண்ணிக்கொண்டிருப்பதாகச் சொல்லச் சொன்னீர்களாம். அரை மணி கழித்துப் பண்ணினேன். அப்போதும் ஷேவ். அவ்வளவு தாடியா முளைத்துவிட்டது நான் கிளம்பிய இரண்டு நாளில்?

எனக்கும் கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். எட்டு மாதம் ஞாயிறு தவறாமல் லோதி ரோட்டிலிருந்து துக்ளகாபாத், மெஹ்ரோலி என்று மிதித்துத் தொடையைப் பழக்கியது இரண்டு பேரும்தானே? மெட்ராஸிலிருந்து தரங்கம்பாடி வரை கடலோரமாக, வழியில் இருக்கிற கோட்டையெல்லாம் பார்த்துக்கொண்டே போகலாம் என்று முதலில் சொன்னது நீங்கள். டிசம்பர் இருபதாம் தேதி ஆபீஸிலிருந்து வந்து, மஃப்ளரைக்கூடக் கழற்றாமல், “பட்ஜெட் வேலை, லீவை கேன்சல் பண்ணிட்டாங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றதும் நீங்கள். நான் மறுநாள் ஒரு டிக்கெட்டை மட்டும் கேன்சல் செய்துவிட்டு வந்தேன்.

இருபது வருஷமாக டச்சுக்காரர், டேனிஷ்காரர், பிரெஞ்சுக்காரர் என்று கரும்பலகையில் கலர் சாக்பீஸால் புள்ளி வைக்கிற வாத்தியாரம்மா நான். அந்தப் புள்ளிகளில் ஒன்றையாவது காலால் மிதிக்காமல் ரிடையர் ஆக மாட்டேன். பள்ளி விடுமுறையோடு பிப்ரவரி ஆறு வரை லீவு சேர்த்து வாங்கியிருக்கிறேன்.

நீங்கள் டைப் அடித்த டூர் புரோகிராம் என்னிடம் இருக்கிறது. எந்தத் தேதியில் எந்த ஊர் என்று அதில் போட்டபடியே போகிறேன். அந்தந்த ஊர் போஸ்ட் மாஸ்டர் வசம் என்று எழுதினால் கடிதம் எனக்குக் கிடைக்கும். எழுதாவிட்டாலும் போய்க் கேட்பேன்.

கிளம்புகிறேன். கடல் வாசனை இங்கேயே வருகிறது!

அனந்தலக்ஷ்மி


லோதி ரோடு, புது தில்லி
5.1.1994

பெறுநர்: அனந்தலக்ஷ்மி ராமசுப்ரமணியன், போஸ்ட் மாஸ்டர் வசம், பாண்டிச்சேரி.
பொருள்: தனியாகக் கிளம்பிப் போனது.
பார்வை: உன் 2.1.94 தேதிக் கடிதம்.

1. கடிதம் கிடைத்தது.

2. ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தது உண்மை. இரண்டாவது தடவை, வெட்டிக்கொண்ட இடத்தில் படிகாரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

3. நாற்பத்தைந்து வயதில் ஒரு பெண் தனியாக முன்னூறு கிலோமீட்டர் சைக்கிளில் போவதைப் பற்றி என் அபிப்பிராயத்தை 31-ஆம் தேதியே சொல்லிவிட்டேன். அதில் மாற்றமில்லை.

4. இங்கே மூடுபனி. எதிரே வருகிறவன் மூக்கு மேல் வந்து நின்றால்தான் தெரிகிறது. ஜனவரி 26 ஒத்திகைக்காக ராஜ்பத்தை மூடிவிட்டதால் ஆபீஸுக்குச் சுற்றிப் போகிறேன். நீ இல்லாமல் சைக்கிளில் போவது சலிப்பாக இருக்கிறது என்று எழுதலாமா என்று யோசித்து, எழுத வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

5. ஜ்யோத்ஸ்னா சமைக்கிறாள். ராஜ்மா, மறுநாள் ராஜ்மா, அதற்கு மறுநாள் மிச்ச ராஜ்மா. உன் கடிதத்தைத் தமிழில் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பார்த்து, முதல் பாராவிலேயே “போர்ட்டர் ஏன் மம்மியை ஒதைச்சான்?” என்று கேட்டாள். வாத்தியாரம்மா பெண்ணின் லட்சணம்.

6. டூர் புரோகிராமை ஓர் எழுத்து மாற்றாமல் பின்பற்றவும். முக்கியமாக ஆறுகள் வரும் இடங்களில். காரணம் இருப்பதால்தான் அப்படிப் போட்டிருக்கிறேன்.

7. சதுரங்கப்பட்டினத்துக் கோட்டை எப்படி இருந்தது? இந்த ஏழாவது பத்திக்குப் பதில் கட்டாயம் இல்லை.

ராமசுப்ரமணியன்


பாண்டிச்சேரி
10.1.1994

ஜ்யோத்ஸ்னா அப்பாவுக்கு,

ஏழாவது பத்திக்குத்தான் முதல் பதில்!

சதுரங்கப்பட்டினத்தில் ஒரு டச்சுக்காரரின் கல்லறைமேல் உட்கார்ந்து இரண்டு பன் சாப்பிட்டேன். கல்லில் என்ன வேலைப்பாடு தெரியுமா? மண்டை ஓடு, கப்பல், பூக்கொடி, நான் வாசிக்கத் தெரியாமல் விரலால் தடவிப் பார்த்த எழுத்து. பாடப்புத்தகத்தில் இதற்கு ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரியை நான் எத்தனை பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன்! போய் அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்கலாம் போலிருந்தது.

மாமல்லபுரத்தை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன். ஆலம்பரைக் கோட்டை இருக்கிறதே, அங்கே நான் போனபோது ஓர் ஆடுகூட இல்லை. இடிந்த செங்கல் சுவர், அதைக் கவ்விப் பிடித்திருக்கிற வேர், சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர், அதற்கும் அந்தப் பக்கம் கடல். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாய்விட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று கேட்காதீர்கள். இத்தனை வருஷம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் கத்தாமல் சேர்த்து வைத்தது எல்லாம் அது.

இப்போது ஒரு விஷயம். ஆலம்பரைக்கு நான் புரோகிராம்படி போகவில்லை. சதுரங்கப்பட்டினத்திலிருந்து நீங்கள் என்னைச் செங்கல்பட்டு வரை உள்ளே இழுத்து, பாலத்தில் பாலாற்றைத் தாண்டவிட்டு, மறுபடி கடலுக்குக் கொண்டுவருகிறீர்கள். ஒரு நாள் வீண்! டீக்கடையில் புரோகிராமைக் காட்டினேன். கடைக்காரர் கை கொட்டிச் சிரித்தார். “இத எழுதினவரு ஆத்தப் பாத்திருக்காரா? கணுக்கால் தண்ணிம்மா. தள்ளிக்கிட்டே போயிடுங்க” என்றார். தள்ளிக்கொண்டே போனேன். பாதி மணல், கொஞ்சம் தண்ணீர், நடுவில் நின்று கால் நனைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் புரோகிராமை ஒழுங்காகப் படித்தேன். ஆறு கடலில் சேருகிற இடம் வந்தாலே உங்கள் பாதை விலகி உள்ளே ஓடுகிறது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றைப் படகில் தாண்டினால் பத்து நிமிஷம் என்கிறார்கள். நீங்கள் சிதம்பரம் சுற்றி முப்பது கிலோமீட்டருக்கு மேல் போடுகிறீர்கள். மேப்பை விரித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தவருக்கு இது தெரியாமலா போகும்? என்ன காரணம்?

நாளைக்குக் கடலூர். பொங்கலை அங்கேயே வைத்துக்கொள்கிறேன்.

அனந்தம்


லோதி ரோடு
13.1.1994

அனந்தத்துக்கு, போஸ்ட் மாஸ்டர் வசம், பரங்கிப்பேட்டை.

எண் போட்டு எழுத நேரமில்லை.

வெள்ளாற்றில் படகில் ஏறாதே. படகில் ஏறாதே. சைக்கிளோடு ஏறவே ஏறாதே. முப்பது கிலோமீட்டர் உனக்கு இப்போது ஒன்றுமேயில்லை. சிதம்பரம் ரோடு நல்ல ரோடு, நிழல் உண்டு. டீக்கடைக்காரன் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். காரணம் கேட்காமல் ஒரு தடவை நான் சொல்வதைக் கேள்.

ஆலம்பரை பற்றி நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். ஆபீஸ் லைப்ரரியில் பழைய கெஜட்டியரைத் தேடி எடுத்து அந்தப் பக்கத்தையும் படித்தேன். செக்‌ஷனில் எல்லோருக்கும் சத்தமாக வேறு படித்துக் காட்டினேன். நம் செக்‌ஷன் பியூன், டீ கொண்டுவந்தவன், நின்று கேட்டுவிட்டு, “மேடம் அகேலி கயி ஹைன்? வாஹ்!” என்றான். தனியாகவா போயிருக்கிறார்கள் என்று அவன் ஆச்சரியப்பட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் நான் மட்டும் உட்கார்ந்திருக்கிற நாற்காலியைக் குனிந்து பார்த்தேன்.

கடலூரில் தேவனாம்பட்டினத்துக்குப் போயிருப்பாய். கோட்டையை இங்கிலீஷ்காரன் வாங்கியபோது பீரங்கியால் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை உள்ள கிராமமெல்லாம் எனக்கு என்று எடுத்துக்கொண்ட கதை நீ சொன்னதுதானே. எந்த இடத்தில் நின்று சுட்டிருப்பான், பார்த்தாயா? எழுது.

படகில் ஏறாதே.

ராமு


சிதம்பரம்
18.1.1994

ஜ்யோத்ஸ்னா அப்பாவுக்கு,

ஏறிவிட்டேன்.

முதலில் நல்ல சேதிகளை முடித்துவிடுகிறேன், அப்புறம் சண்டை. தேவனாம்பட்டினத்தில் எந்த இடத்தில் பீரங்கி வைத்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. நானே ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்து, நின்று, வடக்கே கை நீட்டி “எனக்கு!” என்றேன். இரண்டு மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். மாட்டுப் பொங்கலன்று பரங்கிப்பேட்டைக்கு வருகிற வழியில் ஒரு கிராமத்தில் என்னை நிறுத்தி, காளைகளோடு வரிசையாக என் சைக்கிளையும் நிற்க வைத்து, ஹாண்டில்பாருக்கு மாலை போட்டு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார்கள். “இதுவும் பாரம் இழுக்குதுல்ல?” என்றார் அந்த வீட்டுக்காரர். நான் சல்வார் கமீஸில் இருந்ததால் என்னை ஹிந்திக்காரி என்று நினைத்து, தமிழில் பேசியதும் இன்னும் ஒரு கரண்டி பொங்கல் போட்டார்கள்.

உங்கள் கடிதத்தைப் பரங்கிப்பேட்டைத் தபால் ஆபீஸ் வாசலில் பிரித்தேன். “ஏறாதே” நாலு தடவை எழுதியிருந்தீர்கள். அதிகாரம் செய்கிறீர்கள் என்று எரிச்சல் வந்தது. நேரே படகுத் துறைக்குப் போனேன். படகோட்டி காத்தவராயன் என்று ஒருவர். “சைக்கிளோட ஏறுங்கம்மா. நேத்து ஒரு கன்னுக்குட்டியையே கொண்டாந்து வுட்டேன்” என்றார்.

நடு ஆற்றில், ஒரு பக்கம் ஊரும் மறுபக்கம் தாழம்புதரும் இருக்க, காற்று முகத்தில் அடிக்க, நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல எனக்குத் தமிழும் போதாது, ஹிந்தியும் போதாது. அந்தச் சந்தோஷத்திலேயேதான் ஞாபகம் வந்தது. டிசம்பர் பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. மேப்பில் இதே வெள்ளாற்றின்மேல் விரலை வைத்து, “ஏங்க, இங்க போட்ல போயிடலாம், ஜாலியா இருக்கும்!” என்று நான் குதித்தேன். நீங்கள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தீர்கள். மறுநாள் சாயங்காலம் லீவு கேன்சல்.

உங்களுடையது ரெக்கார்ட் ரூம் செக்‌ஷன். முப்பது வருஷத்துப் பழைய ஃபைலுக்குப் பட்ஜெட்டோடு என்ன சம்பந்தம்? இது எனக்கு அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும். யாரும் லீவைக் கேன்சல் பண்ணவில்லை. நீங்களே திருப்பி வாங்கிக்கொண்டீர்கள்.

உங்களுக்குப் படகென்றால் பயமா? பயமென்றால் பயமென்று சொல்வதற்கு என்ன? எனக்குப் பல்லி பயம் என்று இருபத்திரண்டு வருஷமாக லோதி ரோடு முழுக்கத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லா ஆற்றையும் நானே சுற்றியிருப்பேன், உங்கள் பக்கத்தில் மிதித்துக்கொண்டு. சொல்லாமல் என்னைத் தனியாக அனுப்பினீர்கள். ஒவ்வொரு கோட்டையிலும் நான் திரும்பிப் பார்த்து, “பாருங்க” என்று சொல்ல வாயெடுத்து மூடிக்கொள்கிறேன். அதுதான் கோபம்.

இருபத்திரண்டாம் தேதிக்குத் தரங்கம்பாடியில் இருப்பேன்.

அனந்தலக்ஷ்மி


லோதி ரோடு
21.1.1994

அனந்தம்,

பயம் மட்டும் என்றால் சொல்லியிருப்பேன்.

பொங்கல் வாழ்த்து வந்தது, கரூரிலிருந்து, லட்சுமணன் அனுப்பியது. வருஷா வருஷம் வரும். “என் உயிர்த் தோழன் ராமுவுக்கு” என்று எழுதுவான். யாரிது என்று நீ கேட்கும்போதெல்லாம் கொடுமுடியில் கூடப் படித்தவன் என்று சொல்லி நிறுத்திவிடுவேன். மிச்சத்தை இன்று எழுதுகிறேன். ஜ்யோத்ஸ்னாவால் இதைப் படிக்க முடியாது என்ற தைரியம் ஒன்று.

எங்கள் இரண்டு பேருக்கும் பன்னிரண்டு வயது. ஆடிப் பெருக்கு. காவிரியில் புதுவெள்ளம். பரிசலில் ஏற்றக்கூடாத அளவு ஆட்களை ஏற்றியிருந்தார்கள். கரைக்குக் கொஞ்ச தூரத்தில் கவிழ்ந்தது. தண்ணீருக்குள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மூச்சு மட்டும் வேண்டும். காலுக்குக் கீழே ஏதோ தட்டியது. அதை மிதித்து மேலே வந்தேன். மறுபடி முங்கினேன், மறுபடி மிதித்தேன். இரண்டாவது தடவை அது தலை என்று தெரிந்தது. லட்சுமணன் தலை. தெரிந்தும் மிதித்தேன், அனந்தம்.

எங்களை இழுத்துப் போட்டார்கள். அவன் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுத்தார்கள். கண்ணைத் திறந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, “ராமு என்னைத் தூக்கிவிடப் பாத்தான்.” ஊரே என்னைத் தட்டிக் கொடுத்தது. ஹெட்மாஸ்டர் பிரேயரில் என் பேரைச் சொல்லிக் கை தட்ட வைத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அடக்கமான பையன் என்றார்கள்.

அதற்கப்புறம் நான் எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை. தண்ணீரைப் பார்த்தால் முதலில் என் கால்தான் கூசும். டிசம்பரில் நீ அந்த மேப்பில் விரல் வைத்துக் குதித்தபோது, உன்னோடு படகில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். ஒருவேளை அது கவிழ்ந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அதனால் மறுநாள் போய் லீவை வாபஸ் வாங்கினேன்.

இனி உனக்கு என்ன தோன்றுகிறதோ தோன்றட்டும்.

நேற்று ஜ்யோத்ஸ்னா, “அப்பா, சச் சச், நெஜமா சொல்லுங்க, நீங்க ஏன் மம்மி கூட போகல?” என்றாள். சாப்பிடு என்றேன்.

ராமு


தரங்கம்பாடி
25.1.1994

உங்களுக்கு,

தரங்கம்பாடிக் கோட்டை வாசல்படியில் உட்கார்ந்து படித்தேன். டேனிஷ்காரன் கட்டியது, இருபது வருஷமாக நான் போர்டில் பச்சைப் புள்ளியாக வைத்தது. முன்னால் கடல். அதை நான் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. மூன்று நாளாக உங்கள் கடிதத்துக்காக வந்து வந்து போய்க்கொண்டிருந்தேன், இன்று இதைப் படித்தபின் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதேன்.

ஆறுதல் சொல்லப் போவதில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் செய்ததை மன்னிக்க நான் யார்? அது லட்சுமணன் பாடு, உங்கள் பாடு. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மூச்சு முட்டிய ஒரு பையன் செய்ததை ஐம்பது வயது மனிதர் இன்னும் தன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். படகு கவிழ்ந்தால் என்ன செய்வீர்கள் என்று உங்களுக்குத் தெரியும் என்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் எனக்கு டைஃபாய்டு வந்தபோது பதினெட்டு நாள் என் கட்டில் பக்கத்தில் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தவரை எனக்குத் தெரியும்.

என் லீவில் இன்னும் நாள் இருக்கிறது. பிப்ரவரி ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு வெள்ளாற்றின் தென்கரையில், கிள்ளைப் பக்கத்துத் துறையில் நிற்பேன். ரயிலில் பரங்கிப்பேட்டைக்கு வாருங்கள். அங்கிருந்து சிதம்பரம் சுற்றி ரோட்டிலேயே வாருங்கள், உங்கள் புரோகிராம்படி. மத்தியானம் ஆனாலும் நிற்பேன். அங்கிருந்து சேர்ந்து இங்கே திரும்ப வந்து, இந்தக் கோட்டையைப் பார்க்கலாம். உள்ளே நான் இன்னும் போகவில்லை. போக மாட்டேன், நீங்கள் வருகிறவரை.

அனந்தம்


தந்தி
புது தில்லி, 28.1.1994

லீவு எடுத்தாகிவிட்டது. நாளை கிளம்புகிறேன். சைக்கிளும் வருகிறது. ராமு


பரங்கிப்பேட்டைத் துறை
1.2.1994, காலை 7.40

அனந்தம்,

காத்தவராயன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நீ அந்தக் கரையில் கை ஆட்டுவது தெரிகிறது. நானும் ஆட்டினேன், பார்த்தாயா?

ஆறு மேப்பில் இருந்ததைவிட அகலம். துறைவரை வந்துவிட்டேன், படகுக்குள் எட்டியும் பார்த்தேன். அடியில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது. எப்போதும் இருக்கும் என்கிறார். முடியவில்லை. ரோட்டிலேயே வருகிறேன். பன்னிரண்டு மணி ஆகும். வெயிலில் நிற்காதே.

ராமு


தென்கரை
8.05

பார்த்தேன், இரண்டு கையையும் ஆட்டினீர்கள்! மூன்று நாள் ரயிலுக்கு அப்புறமும் எவ்வளவு நன்றாக இருக்கிறீர்கள்.

சரி, சுற்றியே வாருங்கள். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் சொல்கிறேன். பரங்கிப்பேட்டையில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், காலி வயிற்றோடு மிதிக்க வேண்டாம். இங்கே எனக்கு ஒரு தாழம்புதர் நிழல் இருக்கிறது. பன்னிரண்டு என்ன, இரண்டு மணி ஆனாலும் இங்கேதான்.

அனந்தம்


8.30

அனந்தம்,

எழுத்து கோணிக்கொண்டு போவதற்குப் படகுதான் காரணம். நடு ஆறு. உன் சீட்டைப் படித்துவிட்டு, இட்லிக்குப் போகாமல் ஏறிவிட்டேன். சைக்கிள் என் காலடியில் படுத்திருக்கிறது, இடது கையால் அதைப் பிடித்திருக்கிறேன், அது என்னைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டு. காத்தவராயன், “எழுதறத வுட்டுட்டு விளிம்பப் புடிங்க சார்” என்று திட்டுகிறார். எழுதாவிட்டால் கீழே பார்த்துவிடுவேன்.

கால் கூசுகிறது. ஆனால் காற்று நீ எழுதியது போலவேதான் இருக்கிறது. தரங்கம்பாடிக்குப் போனதும் லட்சுமணனுக்கு எழுதுகிறேன், உனக்கு எழுதிய அதே வார்த்தைகளில். அவன் அடுத்த பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பாமல் போகலாம். போகட்டும், அவனுக்குத் தெரிய வேண்டும்.

இதைத் தபாலில் சேர்க்கப் போவதில்லை, கையிலேயே தருகிறேன். நீ முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டாய். ஏதோ கத்துகிறாய், காற்றில் காதில் விழவில்லை. இரு, வந்து கேட்டுக்கொள்கிறேன்.